மடித்துத் தைத்த துணி

ஆம்ஸ்டர்டாமில் கணினியியல் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ தனன்பாம் 2017-ல் இன்டெல் நிறுவனத்துக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார். இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காக 1987-ல் அவர் வெளியிட்ட மினிக்ஸ் வளர்ந்து மூன்றாம் பதிப்பை எட்டியிருந்தது. அந்தப் பதிப்பு இன்டெல்லின் புதிய சில்லுகளுக்குள், கணினியை விலை கொடுத்து வாங்கியவருக்கே எட்டாத ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. இது அவருக்கு இன்டெல் சொல்லித் தெரியவில்லை, வெளியே வந்த செய்திகளைப் படித்துத்தான் தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இன்டெல் பொறியாளர்கள் அவரிடம் சந்தேகம் கேட்டதும், சில மாற்றங்கள் வேண்டியதும் உண்டு. எதற்கென்று அவர்கள் சொல்லவில்லை. மடலில் அவர் காசு கேட்கவில்லை, வழக்கு என்று மிரட்டவும் இல்லை. உலகத்தில் இத்தனை கணினிகளில் உங்கள் மென்பொருள் ஓடுகிறது என்று மரியாதைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் எழுதினார். அவர் கொடுத்திருந்த பிஎஸ்டி உரிமத்தில், எடுத்துக்கொண்டவர் எழுதியவரிடம் சொல்லியாக வேண்டும் என்று எங்கும் இல்லை.

தனன்பாம் அந்த உரிமத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தவர், அதைப் பற்றி அவருக்குப் புகாரும் இல்லை. ஆனால் கல்லூரியில் எழுதிய நிரலை முதன்முறை கிட்ஹப்பில் ஏற்றும் ஒரு மாணவர், ‘உரிமம்’ என்ற பெட்டி எதிரே வரும்போது என்ன செய்கிறார்? சீனியர் போட்டதையே போடுகிறார், அல்லது காலியாக விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். எந்த மொழியில் எழுதுவது, எந்தத் தரவுத்தளம் நல்லது என்று வாரக்கணக்கில் விவாதிப்பவர்கள், அந்த நிரல் யார் கையில் என்ன ஆகும் என்பதை முடிவு செய்யும் ஒரே கோப்புக்கு அரை நிமிடம் ஒதுக்குகிறார்கள். எது சரி என்று தெளிவாகத் தெரியாதபோது இறுக்கமான உரிமத்தில் தொடங்குவதுதான் விவேகம் என்பது என் வாதம். இறுக்கத்திலிருந்து தளர்வுக்குப் போக வழி உண்டு, தளர்வில் தொடங்கிவிட்டு இறுக்கத்துக்குத் திரும்ப அநேகமாக வழி இல்லை. ஜூன் மாதம் பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரர் பாவாடையின் ஓரத்தில் நாலு விரல் துணியை மடித்து உள்ளே வைத்துத்தான் தைப்பார். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். வெட்டி எறிந்த துணியை எந்த ஊசியும் திரும்ப ஒட்டாது.

உரிமம் எதுவுமே போடாமல் விட்டால் அது எல்லோருக்கும் பொது என்று பலர் நினைக்கிறார்கள். நிலைமை நேர் எதிரானது. இந்தியாவின் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் கணக்கில் சேர்க்கிறது. கதையையும் கவிதையையும் போலவே, எழுதி முடித்த கணத்தில் உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். பதிவு செய்யத் தேவையில்லை, முத்திரை தேவையில்லை. ஆகவே உரிமம் இல்லாத நிரலைப் பொதுவில் வைப்பது, கண்ணாடிப் பெட்டிக்குள் பலகாரத்தை அடுக்கிவிட்டு விலைப்பலகை வைக்காததைப் போன்றது. பார்க்கலாம், எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. உரிமம் என்பது அந்தப் பெட்டியைத் திறக்கும் எழுத்துமூல அனுமதி. எந்த நிபந்தனையில் திறக்கிறோம் என்பதில்தான் இரண்டு குடும்பங்கள் பிரிகின்றன.

எம்ஐடி, பிஎஸ்டி, அபாச்சி போன்றவை தளர்ந்த உரிமங்கள். என் பெயரையும் இந்த உரிமக் குறிப்பையும் விட்டுவை, மற்றபடி உன் இஷ்டம் என்பது அவற்றின் சாரம். எடுத்துக்கொண்டவர் அதைத் திருத்தி, மூடி, விலைக்கு விற்கலாம், திருத்தத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் முதல் பதிப்பு வெளியிட்ட ஜிபிஎல் உரிமம் இன்னொரு வகை. இந்த வகையைத் தமிழில் அளிப்புரிமை என்கிறார்கள். நீயும் எடுத்துக்கொள், திருத்து, விற்கவும் செய். ஆனால் திருத்தியதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே சுதந்திரத்தை, மூல நிரலோடு சேர்த்து, அவருக்கும் கொடு. விற்பனையை ஜிபிஎல் தடுக்கிறது என்ற பேச்சு இன்றும் உலவுகிறது, அது தவறு. அது தடுப்பது பூட்டுவதை மட்டும்தான்.

இறுக்கத்திலிருந்து தளர்ந்தவர்களின் கதையை முதலில் பார்ப்போம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டபோது அதை யாரும் காசுக்கு விநியோகிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார். சில மாதங்களில் அது உதவாது என்று புரிந்தது. பிளாப்பி வட்டில் நகலெடுத்துக் கொடுப்பவர்கூட வட்டின் விலையை வாங்க முடியாத நிலை. 1992 பிப்ரவரியிலிருந்து ஜிபிஎல்லுக்கு மாற்றினார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, யாரும் பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகவில்லை. திரைச் செயலிகள் எழுதப் பயன்படும் கியூட்டி என்ற தொகுப்பு, ஜிபிஎல்லோடு விலைக்கு வாங்கும் உரிமத்தையும் சேர்த்து வைத்திருந்தது. நோக்கியாவின் கைக்கு வந்த பிறகு, 2009-ல் இன்னும் தளர்வான எல்ஜிபிஎல்லையும் சேர்த்துக்கொண்டது. அதற்கும் வரவேற்புதான். நிபந்தனையைக் குறைப்பவரோடு யார் சண்டைக்குப் போவார்கள்?

எதிர்த்திசையில் போனவர்களின் கதை வேறு. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் அபாச்சி உரிமத்தில் வளர்ந்தது. அமேசான் அதையே தன் மேகக் கணினிச் சேவையாக வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தது. தளர்ந்த உரிமம் அதை அனுமதித்தது. பொறுத்துப் பார்த்த எலாஸ்டிக் நிறுவனம் 2021 ஜனவரியில் உரிமத்தை இறுக்கியது. ஏப்ரலில் அமேசான், இறுக்குவதற்கு முந்தைய பதிப்பை எடுத்து ஓபன்சர்ச் என்று பெயர் சூட்டி வெளியிட்டது. ஒருமுறை அபாச்சி உரிமத்தில் கொடுத்த பதிப்பு என்றைக்கும் அதே உரிமத்தில்தான் இருக்கும், அதைத் திரும்பப் பெற எலாஸ்டிக்குக்கு அதிகாரம் இல்லை. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் தன் டெராஃபார்ம் மென்பொருளை இறுக்கியது. அடுத்த மாதமே ஓபன்டோஃபு என்ற கிளை லினக்ஸ் அறக்கட்டளையின் நிழலில் போய் உட்கார்ந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளம் தன் பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை, அமேசானும் கூகுளும் ஆரக்கிளும் பின்னால் நிற்க வால்கீ என்ற கிளை பிறந்தது. மூன்று இடத்திலும் ஒரே வரிசைதான்: தாராளமாகக் கொடுத்தார்கள், மற்றவர்கள் அள்ளினார்கள், கதவைச் சாத்தினார்கள், வீடு இரண்டானது.

இதில் கவனிக்க வேண்டியது கடைசியில் நடந்தது. எலாஸ்டிக் 2024 ஆகஸ்டில் ஏஜிபிஎல் என்ற உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. ரெடிஸ் 2025 மே மாதம் அதே ஏஜிபிஎல்லைச் சேர்த்துக்கொண்டது. ஏஜிபிஎல் என்பது ஜிபிஎல்லின் இன்னும் இறுகிய தம்பி, மூன்றாம் பதிப்பு 2007-லிருந்தே இருக்கிறது. மென்பொருளைக் கையில் கொடுக்காமல் இணையம் வழியே சேவையாக மட்டும் ஓட்டினாலும், திருத்திய மூல நிரலை அதைப் பயன்படுத்துவோருக்குக் காட்டு என்பது அதன் நிபந்தனை. இரண்டு நிறுவனங்களும் ஊரெல்லாம் சுற்றி, சமூகத்தின் நம்பிக்கையை இழந்து, போட்டிக் கிளைகளைப் பெற்றெடுத்த பிறகு வந்து நின்ற இடம், தொடக்கத்திலேயே காலடியில் கிடந்த உரிமம்.

ஜிபிஎல் தரும் பலன் நிரலர்களோடு நின்றுவிடுவதில்லை. 2002 இறுதியில் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்பும் கலந்த, இரண்டு கொம்புள்ள அந்தப் பெட்டியை அந்தக் காலத்துக் கணினிக் கடைகளில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று சிலர் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல்லில் இருப்பதால் மூல நிரலைக் கொடு என்று கேட்டார்கள். அதற்குள் லிங்சிஸை சிஸ்கோ வாங்கியிருந்தது. 2003-ல் நிரல் வெளியானது. அதை அடித்தளமாக வைத்து 2004-ல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் கிளம்பியது. தயாரிப்பாளர் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திய பிறகும் பழைய ரவுட்டர் உயிரோடு இருக்க முடிவது அந்தத் திட்டத்தால்தான். ஒருவேளை லினக்ஸ் எம்ஐடி உரிமத்தில் இருந்திருந்தால்? சிஸ்கோ எதையும் கொடுத்திருக்க வேண்டியதில்லை, சட்டப்படி அதில் குற்றமும் இல்லை. அந்தப் பெட்டி, பெட்டியாகவே இருந்து குப்பைக்குப் போயிருக்கும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு பலமானது. ஜிபிஎல் என்றாலே நிறுவனங்களின் சட்டப்பிரிவு முகம் சுளிக்கும், உங்கள் நிரலை யாரும் தொட மாட்டார்கள் என்பார்கள். சிறிய நூலகங்கள் விஷயத்தில் இதில் உண்மை இருக்கிறது. தேதியைத் தமிழில் எழுதித் தரும் ஐம்பது வரி நிரலுக்கு ஜிபிஎல் போட்டால், அதைச் சேர்த்துக்கொள்பவர் தன் முழுச் செயலியையும் ஜிபிஎல்லில் வெளியிட நேரும். அவர் உங்கள் ஐம்பது வரியை விட்டுவிட்டுத் தானே எழுதிக்கொள்வார். பரவுவதே நோக்கமாக இருக்கும் இடத்தில் இறுக்கம் காலைத் தடுக்கும் என்பதை ஸ்டால்மனே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆக் வோர்பிஸ் என்ற ஒலிக்கோப்பு முறை எம்பி3-க்கு மாற்றாகப் பரவ வேண்டும் என்பதற்காக, அதன் நூலகம் 2001-ல் தளர்ந்த உரிமத்துக்கு மாறியபோது அவர் ஆதரித்தார். தமிழில் நிரல் எழுதுவதற்கான எழில் மொழி ஜிபிஎல்லில் இருக்கிறது. தமிழ் எழுத்துகளைப் பிரிக்கவும் எண்ணவும் உதவும் ஓபன்-தமிழ் நூலகம் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கூச்சமின்றி எடுத்துத் தமிழுக்கு வழிவிட்டால் போதும் என்ற இடத்தில் எம்ஐடி பொருந்துகிறது. தெளிவாகத் தெரியாதபோது என்று நான் சொன்னது இதனால்தான். தன் நோக்கம் பரப்புதல் மட்டுமே, வேறொருவர் அதை மூடி விற்றாலும் தூக்கம் கெடாது என்று ஒருவருக்கு உறுதியாகத் தெரிந்தால் அவருக்கு ஐயமே இல்லை. நிறுவனங்கள் தொடாது என்ற அச்சத்தைப் பெரிய திட்டங்களுக்கு நீட்டும்போதுதான் வாதம் நொறுங்குகிறது. உலகின் பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்து லினக்ஸுக்கு நிரல் எழுதுகின்றன. அதன் உரிமம் இன்றும் ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்புதான்.

உரிமத்தை மீறினால் சாதாரண நிரலர் யாரைப் போய்க் கேட்பது, வக்கீல் வைக்கக் காசு ஏது என்பது அடுத்த கேள்வி. லினக்ஸின் வலையமைப்புப் பகுதிக்கு எழுதிய ஜெர்மானிய நிரலர் ஹரால்ட் வெல்டே, சைட்காம் என்ற நிறுவனம் தன் நிரலை உரிமத்தை மதிக்காமல் விற்றதாக 2004-ல் மியூனிக் நீதிமன்றத்துக்குப் போனார். ஜிபிஎல் செல்லும் என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2008-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பொம்மை ரயில்களைக் கணினியால் ஓட்டும் ஒரு மென்பொருள் தொடர்பான வழக்கில், திறந்த மூல உரிமத்தின் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலே ஆகலாம் என்றது. பொழுதுபோக்குக்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. பெரும்பாலான தகராறுகள் நீதிமன்றம் வரை போவதும் இல்லை. 2021 அக்டோபரில் டொனால்டு டிரம்பின் ட்ரூத் சோஷியல் தளம், ஏஜிபிஎல்லில் உள்ள மாஸ்டடான் என்ற சமூக வலைத்தள நிரலை எடுத்துக்கொண்டு மூலத்தைக் காட்டாமல் தோன்றியது. மாஸ்டடான் தரப்பு ஒரு கடிதம் அனுப்பியது. அடுத்த மாதம் மூல நிரல் தளத்தில் வந்துவிட்டது. நிபந்தனை இருந்தால்தான் மீறியவரைக் கேட்க முடியும். பிஎஸ்டி உரிமத்தில் எழுதியவருக்கு, பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காத வரை, கடிதம் எழுதக்கூடப் பிடிமானம் இல்லை, தனன்பாமைப் போல மரியாதையைத்தான் நினைவூட்டலாம்.

என் வாதத்துக்கு எதிராகக் காட்டத்தக்க வலுவான சான்று மோங்கோடிபி என்ற தரவுத்தளம். அது தொடக்கத்திலேயே ஏஜிபிஎல்லில் இருந்தது. இருந்தும் 2018 அக்டோபரில் எஸ்எஸ்பிஎல் என்று தானே எழுதிய இன்னும் கடுமையான உரிமத்துக்கு மாறியது. திறந்த மூலம் என்ற வரையறைக்குள்ளேயே அது வராது என்று பலர் ஒதுக்கினார்கள். இறுக்கமாகத் தொடங்கியும் நிம்மதி இல்லையே என்று கேட்கலாம். நடந்ததை உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 2019 ஜனவரியில் அமேசான் டாக்குமென்ட்டிபி என்ற போட்டிச் சேவையைக் கொண்டுவந்தபோது மோங்கோவின் நிரலை எடுத்துக்கொள்ளவில்லை. அதேபோல் நடந்துகொள்ளும் வேறொன்றைத் தன் செலவில் கட்டியது. எலாஸ்டிக்குக்கும் ரெடிஸுக்கும் நடந்தது போல, அவர்கள் எழுதியதையே எடுத்து அவர்களுக்கு எதிரே கடை விரிக்கவில்லை. உரிமத்தால் போட்டியை ஒழிக்க முடியாது. உன் கையெழுத்தை வைத்தே உன்னைத் தோற்கடிப்பதைக் கடினமாக்க முடியும்.

தளர்த்துவது எப்போதும் சுலபம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அது நேர்மையாகாது. நிரலில் பத்துப் பேர் கைவைத்த பிறகு உரிமை பத்துப் பேருக்கும் உண்டு. பாரிஸில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய விஎல்சி காணொளிச் செயலி ஜிபிஎல்லில் இருந்ததால், ஆப்பிளின் விதிகளோடு மோதி 2011 ஜனவரியில் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. அதன் இயந்திரப் பகுதியை எல்ஜிபிஎல்லுக்குத் தளர்த்த, பழைய மின்னஞ்சல் முகவரிகளைத் துழாவி நூற்றுக்கணக்கான பங்களிப்பாளர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கினார்கள். 2013-ல்தான் மீண்டும் ஐபோனுக்கு வர முடிந்தது. படாத பாடுதான். ஆனாலும் முடிந்தது, கிளை பிரியாமல் முடிந்தது. இந்தப் பாட்டைத் தவிர்க்க, பங்களிப்பவர் எல்லோரிடமும் உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் நிறுவனங்களில் உண்டு. ஹாஷிகார்ப் ஒரே நாளில் உரிமத்தை மாற்ற முடிந்தது அப்படிப்பட்ட ஒப்பந்தத்தால்தான். எனவே பிறர் திட்டத்துக்கு உழைப்பைக் கொடுப்பவர், உரிமக் கோப்பைப் படிப்பதோடு, கையெழுத்துக் கேட்கும் அந்தத் தாளையும் ஒருமுறை படிப்பது நல்லது.

எம்ஐடி உரிமத்தின் கவர்ச்சி அதன் சுருக்கம். ஆங்கிலத்தில் சுமார் 170 சொற்கள், ஜிபிஎல் மூன்றாம் பதிப்போ ஐயாயிரத்தைத் தாண்டும். யாருக்கு அதைப் படிக்கப் பொறுமை? ஆனால் சொல்லாமல் விட்ட இடத்தைச் சட்டம் தன் போக்கில் நிரப்பிக்கொள்ளும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். 30ஏ பிரிவு இந்த விதியை உரிமங்களுக்கும் நீட்டுகிறது. எம்ஐடியில் காலமும் இல்லை, எல்லையும் இல்லை. ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு, பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும் என்று எழுதியிருக்கிறது. அபாச்சி 2.0 நிரந்தரமாக, உலகம் முழுவதும் என்கிறது, பேட்டன்ட் உரிமையையும் சேர்த்தே கொடுக்கிறது. தளர்ந்த உரிமம்தான் வேண்டும் என்று தீர்மானித்தவர்களும் அபாச்சியை ஒருமுறை பரிசீலிக்கலாம்.

எல்லாவற்றையும் தவிர்த்துச் சொந்தமாக ஓர் உரிமம் எழுதிக்கொண்டால் என்ன என்ற ஆசையும் சிலருக்கு வரும். டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்ற நிரலர் தன் மென்பொருளின் உரிமத்தில் எம்ஐடி வாசகத்தோடு, இதை நன்மைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல என்று ஒரு வரி சேர்த்தார். கேட்க நன்றாக இருக்கிறது. எது தீமை என்று யார் சொல்வது? லினக்ஸ் தொகுப்புகளான டெபியனும் ஃபெடோராவும் அதைக் கட்டற்ற மென்பொருளாக ஏற்கவில்லை. எழுத்துருக்களுக்கான ஓஎஃப்எல் உரிமம் நேர்மாறான உதாரணம். கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தமிழ் எழுத்துருக்கள் அதில்தான் வெளியாகியிருக்கின்றன. எழுத்துருவைத் திருத்தினால் அது ஓஎஃப்எல்லிலேயே இருக்க வேண்டும், தனியாக அதை மட்டும் விலைக்கு விற்கக் கூடாது. ஆனால் அதில் அச்சிட்ட புத்தகத்தின் மேல் உரிமம் கை வைக்காது. அந்தத் துறையின் தேவையை அறிந்தவர்கள், இறுக வேண்டிய இடத்தில் இறுக்கி, விட வேண்டிய இடத்தில் விட்டு எழுதியது அது.

இறுக்கத்திலும் எதை இறுக்குவது என்ற கேள்வி இருக்கிறது. ஜிபிஎல் இறுக்குவது பூட்டுவதை, பகிர்வதை அல்ல. இந்த வேறுபாட்டுக்கு மறுபடியும் மினிக்ஸே சான்று. பிஎஸ்டி உரிமத்துக்கு வருவதற்கு முன் அது ஒரு பாடநூலோடு சேர்த்துப் பதிப்பகம் விற்ற மென்பொருள். மூல நிரலைப் படிக்கலாம், ஆனால் திருத்திய மினிக்ஸை முழுதாக ஊருக்குக் கொடுக்க முடியாது. திருத்தங்களை மட்டும் தனியே அனுப்பி, வாங்கியவர் தன் பிரதியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த மினிக்ஸை வாங்கித் தன் கணினியில் போட்டுப் பழகிய ஹெல்சிங்கி மாணவர்தான் டோர்வால்ட்ஸ். மினிக்ஸின் நிபந்தனைகள் 2000-ல் தளர்ந்து பிஎஸ்டி உரிமம் வந்தபோது லினக்ஸுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது வயது.